நேருவுக்குப் பின் யார்? காங்கிரசில் தலைமை குறித்துக் கருத்துக் கேட்கப்பட்ட வரலாறு

1960களின் தொடக்கத்தில் இந்திய அரசியலில் ஓயாமல் கேட்கப்பட்ட கேள்வி, நேருவுக்குப் பின் யார் என்பது. அமெரிக்கச் செய்தியாளர் வெல்ஸ் ஹாங்கன் 1963-ல் இதையே தலைப்பாக்கி ஒரு நூல் வெளியிட்டார். மொரார்ஜி தேசாய், கிருஷ்ண மேனன், லால் பகதூர் சாஸ்திரி, ஒய்.பி. சவாண், இந்திரா காந்தி, ஜெயப்பிரகாஷ் நாராயண், எஸ்.கே. பாட்டீல், பி.எம். கவுல் என எட்டுப் பேரை அது எடைபோட்டது. கடைசியாக உள்ளவர் ராணுவ அதிகாரி. ஜெயப்பிரகாஷ் கட்சி அரசியலையே விட்டு விலகியிருந்தவர். விடை எங்கிருந்தும் வரலாம் என்று கருதப்பட்ட காலம் அது. அடுத்த ஆண்டே அந்த விடையைத் திரட்டித் தந்த காமராஜரின் பெயர் அந்த எட்டில் இல்லை.

தலைமையைப் பற்றி யாரிடம் கருத்துக் கேட்பது என்பதில் காங்கிரசுக்கு அதற்கு முன்பே கலவையான அனுபவம் இருந்தது. 1939 ஜனவரியில் மாகாணப் பிரதிநிதிகள் வாக்களித்து, 1,580 வாக்குகளுடன் சுபாஷ் சந்திர போஸைத் தலைவராக்கினர். காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமய்யா பெற்றவை 1,377. ஆனால் மூத்த தலைவர்களின் ஒத்துழைப்பு கிடைக்காமல் ஏப்ரலிலேயே போஸ் விலக நேர்ந்தது. 1946-ல் பெரும்பாலான பிரதேச கமிட்டிகள் பட்டேலின் பெயரை முன்மொழிந்தன; காந்தியின் விருப்பப்படி நேரு தலைவரானார். 1950-ல் புருஷோத்தம் தாஸ் டாண்டன் 1,306 வாக்குகள் பெற்று, 1,092 பெற்ற கிருபளானியை வென்றார். நேருவுடன் ஒத்துப்போக முடியாமல் அடுத்த ஆண்டே அவரும் பதவி விலகினார். மூன்று முறையும் கருத்துக் கேட்கப்பட்டது. மூன்று முறையும் அந்தக் கருத்தைவிடக் கனமான ஒன்று எதிரே நின்றது.

நேரு தமது வாரிசென்று யாரையும் சுட்டவில்லை. 1963 ஆகஸ்டில் காமராஜர் திட்டப்படி ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்பினர். மொரார்ஜியும் சாஸ்திரியும் அவர்களில் அடங்குவர். காமராஜரே சென்னை மாகாண முதல்வர் பதவியை விட்டார். 1964 ஜனவரியில் புவனேஸ்வர் மாநாட்டில் அவர் அகில இந்தியத் தலைவர் பொறுப்பேற்றபோது அங்கேயே நேருவின் உடல்நிலை குலைந்தது. அதே மாதம் சாஸ்திரி மட்டும் இலாகா இல்லாத அமைச்சராகத் திரும்ப அழைக்கப்பட்டார். அதைப் பலரும் ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொண்டனர்.

மே 27 அன்று நேரு மறைந்தார். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் குல்சாரிலால் நந்தாவை அன்றே பிரதமராக நியமித்தார். கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்வரை அந்த ஏற்பாடு. மொரார்ஜி போட்டிக்கு ஆயத்தமாக இருந்தார். காரியக் கமிட்டியோ, வாக்கெடுப்பு வேண்டாம், கருத்தொற்றுமை எதுவெனக் கண்டறிந்து சொல்லுங்கள் என்று காமராஜரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் காரியக் கமிட்டியினரையும் முதலமைச்சர்களையும் எம்.பி.க்களையும் சந்தித்துக் கருத்தறிந்தார். ஜூன் 2-ல் சாஸ்திரியின் பெயரை அறிவித்தார். நந்தா முன்மொழிய, மொரார்ஜி வழிமொழிய, தேர்வு ஏகமனதாக முடிந்தது.

இந்த முறையின் வலிமை, கேட்கப்பட்ட கேள்வியின் தன்மையில் இருந்தது. வாக்குச்சீட்டு, யாரை விரும்புகிறாய் என்று மட்டுமே கேட்கும். நேர்ப்பேச்சிலோ, யார் வந்தால் உங்களால் ஒத்துப்போக முடியும் என்றும் கேட்கலாம். மொரார்ஜிக்குத் தீவிர ஆதரவாளர்களும் தீவிர எதிர்ப்பாளர்களும் இருந்தனர். சாஸ்திரியை வேண்டவே வேண்டாம் என்றவர்கள் குறைவு. சீனப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், நாட்டின் முதல் அதிகார மாற்றத்துக்கான தேர்வு ஒரு வாரத்துக்குள் அமைதியாக நடந்தேறியதைச் சிறிய சாதனை என்று தள்ளிவிட முடியாது. குறையும் அங்கேயேதான் இருந்தது. யார் என்ன சொன்னார்கள், எத்தனை பேர் எந்தப் பக்கம் என்ற கணக்கு ஒரே மனிதரின் மனத்தில் இருந்தது. தோற்றவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தபோது அந்தக் குறை வெளிப்பட்டது. மொரார்ஜி இம்முறை கருத்தொற்றுமைக்கு இசையாமல் வாக்கெடுப்பு கேட்டார். வங்கத்து அதுல்யா கோஷ் போன்றோர் காமராஜரையே பிரதமராக வருமாறு வற்புறுத்தினர். ஆங்கிலமும் இந்தியும் சரளமாக வராத தமக்கு அப்பதவி பொருந்தாது என்று அவர் மறுத்தார். பின் அவர் இந்திராவின் பக்கம் நின்றார். மத்தியப் பிரதேச முதல்வர் டி.பி. மிஸ்ராவின் முயற்சியால் பெரும்பாலான காங்கிரஸ் முதலமைச்சர்களும் அதே பக்கம் திரண்டனர். பொதுத்தேர்தலுக்கு ஓராண்டே இருந்ததால், சீட்டு வழங்குவதில் செல்வாக்குள்ள முதல்வரின் சொல்லை எம்.பி. எளிதில் தட்ட முடியாது. நாடெங்கும் அறிந்த முகம் எது என்ற எண்ணமும் அவர்களுக்கு இருந்தது. பொதுமக்களின் கருத்து இந்தத் தேர்வுக்குள் நுழைந்த வாசல் அதுதான். ஜனவரி 19-ல் இரகசிய வாக்கெடுப்பில் இந்திரா 355 வாக்குகளும் மொரார்ஜி 169 வாக்குகளும் பெற்றனர். தோற்றவருக்கு எத்தனை பேர் ஆதரவு என்பது 1964-ல் தெரியாமலே போனது. இப்போது எண்ணாக நாட்டின் முன் நின்றது.

1967 தேர்தலில் காங்கிரஸ் பல மாநிலங்களை இழந்தது. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராஜரே தோற்றார். அந்த மார்ச்சில் இந்திரா பிரதமர், மொரார்ஜி துணைப் பிரதமர் என்ற உடன்பாட்டால் இன்னொரு போட்டி தவிர்க்கப்பட்டது. 1969-ல் கட்சி பிளந்தபோது, இந்திராவை ஆதரித்துக் கொண்டுவந்த காமராஜர் எதிரணியில் இருந்தார்.

அதன்பின் கேட்கும் வழக்கமே தேய்ந்தது. 1972-க்குப் பிறகு இருபது ஆண்டுகள் கட்சிக்குள் அமைப்புத் தேர்தல் இல்லை. 1992-ல் திருப்பதி மாநாட்டையொட்டித்தான் அது மீண்டது. 1984 அக்டோபர் 31-ல் இந்திரா கொல்லப்பட்ட அன்றே ராஜீவ் பிரதமராகப் பதவியேற்றார். 1991-ல் ராஜீவ் கொல்லப்பட்டதும் காரியக் கமிட்டி சோனியாவை அழைத்தது. அவர் மறுத்த பிறகே நரசிம்ம ராவ் வந்தார். 1997-ல் சீதாராம் கேசரி 6,224 வாக்குகளுடன் சரத் பவாரையும் ராஜேஷ் பைலட்டையும் வென்றார். மறு ஆண்டே காரியக் கமிட்டி அவரை நீக்கிச் சோனியாவை அமர்த்தியது. 2000-ல் சோனியா பெற்ற வாக்குகள் 7,448. ஜிதேந்திர பிரசாதா பெற்றவை 94.

2020 ஆகஸ்டில் 23 தலைவர்கள் கட்சித் தேர்தல் கோரி எழுதிய கடிதம் பழைய கேள்வியைத் திரும்ப எழுப்பியது. 2022 அக்டோபர் 17-ல் நடந்த வாக்கெடுப்பில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகள் பெற்றார்; சசி தரூர் 1,072. வாக்களித்தோர் பிரதேச கமிட்டிப் பிரதிநிதிகள். சாதாரண உறுப்பினருக்கு அதில் வாக்கில்லை. அந்தப் பிரதிநிதிகளின் பெயர்ப் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று தேர்தலுக்கு முன்பே சில எம்.பி.க்கள் கேட்டனர். கட்சியின் தேர்தல் பொறுப்பாளர் மதுசூதன் மிஸ்திரி, போட்டியிட விரும்புவோர் டெல்லி அலுவலகத்துக்கு வந்து அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்.