டயரின் வரலாறும் எங்கள் கரையோர வீதிகளும்



மழைக்காலம் நெருங்குகிறது. பிள்ளைகளை ஏற்றும் வேன்காரர்களும் பெற்றோரும் ஒவ்வொரு வருடமும் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது: "சேர், எந்த டயர் நல்லது?" நான் வரலாறு படிப்பிக்கிற ஆள், கராஜ் வைத்திருப்பவன் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

1344ஆம் ஆண்டு இப்னு பதூதா வந்திறங்கியது எங்கள் கரையில்தான். அவர் "பத்தாலா" என்று எழுதிய ஊரை ஆய்வாளர்கள் புத்தளம் என்றே கொள்கிறார்கள். ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் சுமக்க ஆட்களும் கொடுத்து அனுப்பினார். வழியில் அவர் கடந்த "பந்தர் சலாவத்" இன்றைய சிலாபம். நாம் இன்று கொழும்புக்குப் போகும் அதே கரையோரத் திசைதான். அவர் போனது மனிதத் தோளில். சில்லில் அல்ல.

பிறகு வந்த காலத்தில் பாரமான சரக்கு கால்வாயிலும் களப்பிலும் படகில் போனது, தரையில் மாட்டுவண்டியில் போனது. வண்டியின் மரச்சில்லைச் சுற்றி இரும்புப் பட்டை இருக்கும். ஆங்கிலத்தில் "டயர்" என்ற சொல் முதலில் குறித்ததே அந்த இரும்புப் பட்டையைத்தான். கெட்டியான தரையில் அது நன்றாக உருளும். கற்பிட்டிப் பக்க மணலில் கத்தி மாதிரி இறங்கிப் புதையும். ஒரு தரைக்கு நல்ல சில்லு இன்னொரு தரைக்கு உதவாது என்ற பாடம் அப்போதே இருந்தது.

இறப்பரின் கதை 1839இல் திரும்புகிறது. அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது வெயிலுக்கு உருகாமலும் குளிருக்கு வெடிக்காமலும் நிற்கும் என்று கண்டுபிடித்தார். 1845இல் ஸ்கொட்லாந்தின் ரொபர்ட் தொம்சன் காற்றடைத்த சில்லுக்குக் காப்புரிமை எடுத்தார், ஆனால் அது நிலைக்கவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் டன்லப் அதை மறுபடி கொண்டுவந்தார். மகனின் மூன்று சில்லு சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. 1895இல் மிஷெலின் சகோதரர்கள் பாரிஸ்–போர்தோ ஓட்டப் போட்டியில் காற்றடைத்த டயரோடு காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் காரைக் காற்றில் ஓட்டலாம் என்று உலகம் கண்டுகொண்டது.

இதில் எங்கள் நாட்டுக்கும் பங்கு உண்டு. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் 1876இல் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றில் ஏறக்குறைய 1,900 கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, கம்பஹா ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர் தோட்டங்களுக்கு அது ஒரு தொடக்கம். 1952இல் சீனாவோடு செய்த ஒப்பந்தத்தில் அரிசிக்கு மாற்றாக நாம் கொடுத்தது இறப்பர். 1960களில் சோவியத் உதவியோடு களனியில் டயர் தொழிற்சாலை வந்தது. இன்று கிடங்குகளில் பாரம் தூக்கும் வாகனங்களுக்கான திட டயரில் இலங்கை உலகறிந்த நாடு. இப்படிப்பட்ட நாட்டில் பள்ளிக்கூட வேன் மொட்டை டயரில் ஓடுகிறது என்பதுதான் மனதுக்குக் கஷ்டம்.

இனி பிடிமானத்துக்கு வருவோம். ஒரு காரின் எடை 1,200 கிலோ என்று வையுங்கள். ஒரு சில்லுக்கு 300 கிலோ. காற்று 30 பீ.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. வகுத்துப் பாருங்கள்: ஒரு டயர் வீதியைத் தொடும் இடம் அண்ணளவாக 140 சதுர சென்ரிமீற்றர். விரல்களோடு சேர்த்து ஓர் உள்ளங்கை அளவு. முழுக் குடும்பத்தையும் வீதியில் பிடித்து வைத்திருப்பது நான்கு உள்ளங்கை. முச்சக்கர வண்டியில் மூன்று, மோட்டார் சைக்கிளில் இரண்டு.

அந்தப் பிடி மாதச் சம்பளம் மாதிரி, அளவானது. முழுவதையும் பிரேக்குக்குச் செலவழித்தால் திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. வளைவில் பதறிப் பிரேக் அடிக்கும் வாகனம் நேராகப் போய் மதிலில் மோதுவது இதனால்தான்.

ஆரம்பகால டயர்கள் வழுவழுப்பானவை, நிறமும் வெளிர். 1904இல் ஜெர்மனியின் கொன்டினென்டல் நிறுவனம் பள்ளம் வெட்டிய டயரைக் கொண்டுவந்தது. 1910களில் கரித்தூள் சேர்க்கும் வழக்கம் பரவியது. டயர் கறுத்தது, ஆயுளும் கூடியது. இங்கே பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் விடயம் ஒன்று இருக்கிறது. பள்ளம் இருப்பது காய்ந்த தார்வீதியைப் பிடிக்க அல்ல. அதற்கு வழுவழுப்பான டயரே போதும், ஓட்டப் பந்தயக் கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. பள்ளம் இருப்பது தண்ணீரை வெளியே தள்ள. எங்கள் மாவட்டத்தில் வருடத்தில் பல மாதம் வெயில். அதனால் மொட்டை டயர் மாதக்கணக்கில் ஒரு குறையும் காட்டாமல் ஓடும். "நல்லாத்தானே ஓடுது" என்போம். முதல் மழையன்று தூசியும் எண்ணெயும் கலந்து வீதி வழுக்கும்போதுதான் விடயம் தெரியவரும்.

விமானங்கள் ஈர ஓடுபாதையில் ஏன் சறுக்குகின்றன என்று நாஸா ஆராய்ந்து 1963இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தண்ணீரின் ஆழம் டயர்ப் பள்ளத்தை மிஞ்சினால், ஒரு வேகத்துக்கு மேல் டயர் வீதியை விட்டுத் தண்ணீரில் மிதக்கிறது. அந்த வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகக் காற்றின் அமுக்கம். அந்தக் கணக்கைக் காருக்கு அண்ணளவாகப் போட்டால், 30 பீ.எஸ்.ஐ. இருந்தால் மணிக்கு 91 கிலோமீற்றர், 20 ஆகக் குறைந்தால் 75 கிலோமீற்றர். முந்தல், மதுரங்குளிப் பக்கம் நேரான வீதியில் எங்கள் வாகனங்கள் என்ன வேகத்தில் போகின்றன என்று உங்களுக்கே தெரியும். மிதக்கும் டயருக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை.

மணலில் கணக்கு தலைகீழ். ரால்ப் பக்னோல்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1920களிலும் 30களிலும் எகிப்து, லிபியப் பாலைவனங்களைச் சாதாரண ஃபோர்ட் கார்களில் கடந்தார். அவர் கையாண்ட வழிகளில் ஒன்று டயர் காற்றைக் குறைப்பது. காற்று பாதியானால் உள்ளங்கை இரட்டிப்பாகும், பாரம் பரவும், சில்லு புதையாது. கடற்கரை மணலில் வாகனம் இறக்கும் எங்கள் பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் தார்வீதிக்கு ஏறியதும் மறுபடி காற்றடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பக்கச்சுவர் மடிந்து சூடேறி வெடிக்கும். மழை என்றால் மேலே சொன்ன கணக்கு.

1946இல் மிஷெலின் காப்புரிமை எடுத்த ரேடியல் டயர் இன்னொரு திருப்பம். பழைய டயரில் உள் நூல்கள் குறுக்கும் மறுக்குமாகப் போகும். ரேடியலில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும், மேலே உருக்குக் கம்பிப் பட்டி. அதனால் வளைவில் பக்கச்சுவர் வளைந்துகொடுக்கும், அடிப்பகுதி வீதியோடு தட்டையாக நிற்கும். வாகனம் சொன்ன சொல் கேட்கும். அதன் வயிறு கொஞ்சம் பிதுங்கித் தெரிவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை அள்ளி அடிக்காதீர்கள், மானியில் பாருங்கள். ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலக்கவும் வேண்டாம்.

2020இல் வாகன இறக்குமதி நின்றது, டயருக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் ரூபாய் விழுந்தது. அந்த வருடங்களில் பாவித்த டயரும் ரீபில்ட் டயரும் எங்கள் வீதிகளில் பெருகின. வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

1. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் நிறைய இருந்தாலும் வயது போன இறப்பர் இறுகிப் பிடியை இழக்கும்.

2. "ஸ்டட்லெஸ்" என்று எழுதியிருந்தால் அது பனிக்கால டயர். ஜப்பான் வாகனங்களோடு வருவதுண்டு. எங்கள் வெயிலில் அந்த மென்மையான இறப்பர் சீக்கிரம் தேயும், வளைவில் தளர்ந்து நிற்கும்.

3. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். இறப்பர் அந்த மட்டத்துக்கு வந்தால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர். பல நாடுகளில் சட்டம் நிறுத்துவது அங்கேதான். மழைக்கு 3 மில்லிமீற்றராவது இருக்கட்டும்.

4. இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னுக்குப் போடுங்கள். முன் சில்லு சறுக்கினால் வேகம் குறைய மீளலாம். பின் சில்லு சறுக்கினால் வாகனம் சுழன்றுவிடும்.

5. ரீபில்ட் டயரைப் பிள்ளைகள் ஏறும் வாகனத்தின் முன் சில்லுக்குப் போடாதீர்கள்.

எது நல்ல டயர் என்றால், நீங்கள் ஓடும் வீதிக்குப் பொருந்தி, வயது போகாமல், பள்ளமும் சரியான காற்றும் உள்ள டயர். பெயரும் விலையும் அதற்குப் பிறகுதான்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாளைக் காலை வேன் வாசலில் நிற்கும்போது நான்கு டயரையும் குனிந்து பாருங்கள். தேய்ந்திருந்தால் வேன்கார நானாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது, டயர் விலை அவருக்கும் பாரம்தான். அதனால் வேன் காசை மாதக் கடைசிவரை இழுக்காமல் நேரத்துக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.