மண்ணில் பிறந்த குளிசை

ஈரல் மாற்றிய பிள்ளை 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வழக்கமாகக் குளிசை விழுங்க வேண்டும். அந்தக் குளிசை பிறந்தது மண்ணில் என்பதுதான் வியப்பு.

1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்டார்சல் உலகின் முதல் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்தார். மூன்று வயதுப் பிள்ளை இரத்தப்பெருக்கால் மேசையிலேயே இறந்தது. 1967இல் அவர் ஈரல் மாற்றிய ஒன்றரை வயதுச் சிறுமி ஓராண்டு தாண்டி வாழ்ந்தாள். கைத்திறன் தேறிவிட்டது, புதிய ஈரலை உடம்பு ஏற்க மறுப்பதைத்தான் தடுக்க முடியவில்லை.

வழி திறந்தது ஒரு விடுமுறைப் பயணத்தில். வெளியூர் போகும் ஊழியர்கள் மண் அள்ளிவருவது சுவிஸ் நிறுவனமான சாண்டோஸில் வழக்கம். 1969இல் ஒருவர் நோர்வேயிலிருந்து கொண்டுவந்த மண்ணில் ஒரு பூஞ்சணம் இருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி தேடியவர்களுக்கு, நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் அகப்பட்டது.

1984இல் யப்பானின் சுகுபா மலையடிவார மண் அதைவிட வீரியமான டாக்ரோலிமஸைத் தந்தது. 1989இல் ஸ்டார்சலே அதை நோயாளருக்குக் கொடுத்தார். அதே ஆண்டு அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில் யப்பானியத் தாயொருவரின் ஈரல் துண்டு அவர் மகனைக் காப்பாற்றியது. 1998 நவம்பரில் டெல்லியில் காஞ்சிபுரத்துத் தந்தை தன் குழந்தைக்கு ஈரல் பகிர்ந்தார். இந்தியாவில் ஈரல் மாற்று வெற்றிபெற்ற முதற் குழந்தை அது; வளர்ந்து வைத்தியராகிவிட்டது.

பிறகு நகல்காரர்கள் வந்தார்கள். டாக்ரோலிமஸின் காப்புரிமை முடிந்தபின், 2009இல் அமெரிக்காவில் அதன் முதல் நகலுக்கு அனுமதி பெற்றது, சைக்ளோஸ்போரினைக் கண்ட அதே சாண்டோஸின் பெயரைத் தாங்கிய நிறுவனம்தான்!

இன்று நல்ல மையங்களில் ஈரல் மாற்றிய பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய எட்டுப்பேர் இருபது ஆண்டு தாண்டுகின்றனர். ஆனால் நீண்டகாலத்தில் இக்குளிசை சிறுநீரகத்தை வருத்தக்கூடும்; பதின்ம வயதில் குளிசையைத் தவறவிட்டு ஈரலை இழப்பவர்களும் உண்டு.

இலங்கையின் யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவில் ஈரல் மாற்றிய பிள்ளை இருந்தால், இந்தச் சிகிச்சைக்காகக் கடல் கடக்க வேண்டும். இரத்தத்தில் மருந்தின் அளவை அடுத்த வேளைக் குளிசைக்குச் சற்று முன்புதான் பார்ப்பார்கள். பரிசோதனை நாளில் காலைக் குளிசையை விழுங்காமல் பையில் வைத்துக்கொண்டு படகேறி, குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் போய், இரத்தம் கொடுத்தபிறகே விழுங்க வேண்டும். மாரியில் கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டாலும் ஒரு வேளையும் தவறக்கூடாது. ஆகவே தீவகத்தில் இப்படியொரு பிள்ளை இருந்தால், வீட்டில் மேலதிகக் குளிசை இருக்கச் செய்வதும் சத்திரசிகிச்சையைப்போல உயிர்காக்கும் வேலைதான்.