கேட்போர் தீர்ப்பும் இசைத்தட்டுத் தரநிரையும்

மன்னார்ப் பெருநிலப் பரப்பிலே, நானாட்டான் பிரிவில் அமைந்த சிற்றூர்களுள் ஒன்று நறுவிலிக்குளம். மரத்தின் பெயரும் குளமும் கூடி ஊர்ப்பெயராய் அமைந்த இத்தகைய கிராமங்கள் பல பழைய மாதோட்டத்தின் எல்லையுள் அடங்குவன. இப்பகுதிக் கத்தோலிக்க மக்களிடையே வளர்ந்த நாட்டுக்கூத்து மரபு வடபாங்கு, தென்பாங்கு என இருவகைப்படும். முன்னையது யாழ்ப்பாணப் பாங்கு எனவும், பின்னையது மாதோட்டப் பாங்கு எனவும் வழங்கும். பாங்குக்குப் பாங்கு பெயரிட்டுப் பிரித்தறிந்த மக்கள், இசையைக் கேட்டுத் தரங்காணும் செவியுடையோராய் இருந்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அம்மக்களின் தீர்ப்புகள் ஏடேறவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார்க் கூத்து நூல்கள் சிலவற்றைப் பதிப்பித்தமையால் பாடல்களும் கதைகளும் நிலைபெற்றன. இந்த அண்ணாவியாரின் ஆட்டம் அந்த அண்ணாவியாரின் ஆட்டத்தினும் மேம்பட்டது, இன்ன ஆண்டில் ஆடியதே சிறந்தது என்று விடியும்வரை விழித்திருந்து கேட்டோர் கூறிய தீர்ப்புகளோ அவர்களோடு மறைந்தன. ஓர் இசை மரபின் வரலாறு பாடியோரின் வரலாறாக மட்டும் எழுதப்படுவதற்குக் காரணம் இதுவே. கேட்டோரின் வரலாற்றை எழுதச் சான்றுகள் அரியன.

இந்நோக்கில் பார்க்குமிடத்து, அண்மைக்கால இசையுலகில் வேரூன்றிய ஒரு வழக்கம் கவனத்துக்குரியதாகின்றது. ஹெவி மெற்றல் எனப்படும் வன்மையான றொக் இசையையும், மாற்று றொக் எனப்படும் வகையையும் விரும்பிக் கேட்போர், தாம் கேட்ட ஒவ்வோர் இசைத்தொகுப்புக்கும் பத்துக்கு இத்தனை எனப் புள்ளியிட்டு, அவற்றை நிரற்படுத்திக் குறித்துவைக்கின்றனர். மேலோட்டமாக நோக்குவோருக்கு இது இளைஞர் பொழுதுபோக்காகவே தோன்றும். எனினும், இசையின் தரத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்ற பழைய வினாவின் புதிய வடிவமே இது என்பதை வரலாறு உணர்த்துகின்றது.

தரநிரை பிறப்பதற்கு முதலில் வேண்டப்படுவது, மீண்டும் மீண்டும் மாறாது கேட்கத்தக்க ஒரு பொருளாகும். கூத்து ஒவ்வோர் இரவும் வேறுபடும், இசைத்தட்டு வேறுபடாது. தொடக்ககால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு நிமிடமே ஒலித்தது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டபின், ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசையைப் பதிக்க முடிந்தது. இதனால் தனிப்பாடலுக்குப் பதிலாக, பல பாடல்கள் ஓர் ஒழுங்கில் அமைந்த முழுத்தொகுப்பு ஒரு படைப்பாகக் கருதப்படலாயிற்று. நூலைப் போல அதனையும் முழுமையாக மதிப்பிடும் நிலை உருவாயிற்று.

அவ்வாறு மதிப்பிடும் அதிகாரத்தை முதலில் கைக்கொண்டது வணிகமே. அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் 1940ஆம் ஆண்டு யூலை மாதத்தில் விற்பனையை அடிப்படையாகக் கொண்ட இசைத்தட்டு வரிசையை வெளியிடத் தொடங்கிற்று. பிரித்தானியாவில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்னும் இதழ் 1952 நவம்பரில் இத்தகைய வரிசையொன்றை ஆரம்பித்தது. இசைத்தட்டுக் கடைகள் சிலவற்றைத் தொலைபேசியில் விசாரித்துப் பெற்ற தகவலே அதற்கு ஆதாரமாயிற்று. இவை எது மிகுதியாக விற்றது என்பதைக் கூறினவேயன்றி, எது சிறந்தது என்பதைக் கூறவில்லை.

அதே காலத்தில் இலங்கையிலிருந்து எழுந்த ஒரு முயற்சி இதனினும் சுவையானது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950ஆம் ஆண்டு தொடங்கிற்று. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கும் எனக் கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்குரிய இடத்தைச் சுருக்கினார். அரசு தள்ளிய பாடல்களைக் கொழும்பு ஏற்றது. அவ்வாண்டின் இறுதியில் அமீன் சயானி தொகுத்தளிக்கத் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்தி நிகழ்ச்சிக்குக் கடல் கடந்து ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வாரந்தோறும் வந்தன. பின்னர் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் கொண்டு பாடல்கள் நிரற்படுத்தப்பட்டன. ஓர் அமைச்சரின் தீர்ப்பைக் கேட்போரின் தீர்ப்பு வென்றது. 1957ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியே ‘விவித் பாரதி’ என்னும் சேவையைத் தொடங்கித் திரைப்பாடல்களை ஒலிபரப்பியமை இதற்குச் சான்றாகும்.

தமிழ் ஒலிபரப்பும் இவ்வாறே பாக்குநீரிணையின் இருகரையையும் இணைத்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலியோரின் குரல்கள் மன்னார்க் கரையில் ஒலித்தவாறே இராமநாதபுரக் கரையிலும் ஒலித்தன. விரும்பிய பாடலைக் கேட்டு அஞ்சலட்டை எழுதிய கிராமத்து நேயர், தம்மை அறியாமலே ஒரு தீர்ப்பை எழுத்தில் பதித்தவராவர். கூத்துக் களரியில் காற்றோடு போன சொல், இங்கே மை தொட்டுத் தாளில் நின்றது.

மேலைநாட்டு றொக் இசையில் இப்போராட்டம் அரசுக்கும் மக்களுக்கும் இடையில் அன்றி, விமரிசகருக்கும் கேட்போருக்கும் இடையில் நிகழ்ந்தது. 1967இல் றோலிங் ஸ்டோன் இதழ் தோன்றிற்று. 1969இல் றொபேர்ட் கிறிஸ்கோ என்னும் விமரிசகர், ஆசிரியர் விடைத்தாளுக்குத் தரமிடுமாறு, இசைத்தொகுப்புகளுக்கு ஏ, பி, சி என எழுத்துத் தரமிடும் வழக்கத்தைத் தொடங்கினார். இத்தகைய தரமதிப்பீடு வலுப்பெற்ற வேளையிலேதான் ஹெவி மெற்றல் பிறந்தது.

அதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் என்னும் தொழில் நகரம். பிளக் சபத் குழுவின் கித்தார்க் கலைஞரான ரோனி அயோமி, இளமையில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் பணியாற்றியபோது வலக்கையின் இரு விரல்களின் நுனியை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து அணிந்தும், காலப்போக்கில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தியும் அவர் வாசித்தார். அக்குழுவின் கனத்த, இருண்ட ஒலிக்கு இது ஒரு காரணமாயிற்று. 1970 பெப்ரவரியில் வெளியான அவர்களின் முதற்றொகுப்பை றோலிங் ஸ்டோன் கடுமையாகக் குறைகூறிற்று. ஆயின் அத்தொகுப்பு பிரித்தானிய விற்பனை வரிசையில் எட்டாம் இடத்தை எய்தியது. அதே ஆண்டில் வந்த ‘பரனோயிட்’ முதலிடத்தைப் பெற்றது. 2017ஆம் ஆண்டில் அதே றோலிங் ஸ்டோன், ஹெவி மெற்றல் தொகுப்புகளுள் மிகச் சிறந்தன நூறு என வரிசை வகுத்தபோது, ‘பரனோயிட்’டையே முதலில் வைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, கேட்போரின் தீர்ப்பை விமரிசனம் ஏற்றுக்கொண்டது எனலாம்.

இது தனித்த நிகழ்ச்சியன்று. 1989ஆம் ஆண்டில் கிராமி விருதுக் குழுவினர் வன்றொக், மெற்றல் இசைக்கென முதன்முறையாக ஒரு விருதை வழங்கினர். மெற்றாலிக்கா பெறும் எனப் பலரும் எதிர்பார்த்த அவ்விருது, குழலிசைக்குப் பெயர்பெற்ற ஜெத்ரோ ரல் குழுவுக்குச் சென்றது. கேட்போர் நகைத்தனர். 1991இல் வெளிவந்த நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ தொகுப்புக்கு றோலிங் ஸ்டோன் அளித்தது ஐந்துக்கு மூன்று விண்மீன்களே. 1992 யனவரியில் அது பில்போர்ட் வரிசையின் முதலிடத்தை அடைந்தது. 2003இல் அவ்விதழ் வெளியிட்ட தலைசிறந்த 500 தொகுப்புகளுள் அது 17ஆம் இடத்தையும், 2020இல் திருத்திய வரிசையில் 6ஆம் இடத்தையும் பெற்றது. இசை மாறவில்லை, எண்ணே மாறிற்று.

எண் மாறுவதற்கு எண்ணும் முறையும் காரணமாகலாம் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1991ஆம் ஆண்டு மே மாதம்வரை பில்போர்ட் தொகுப்பு வரிசை, கடைக்காரர் வாய்மொழியாகவும் எழுத்திலும் அளித்த மதிப்பீட்டையே நம்பியிருந்தது. கடைக்காரர் தாம் மதித்த இசையை மிகுத்தும், மதியாத இசையைக் குறைத்தும் கூற இடமிருந்தது. அம்மாதம் முதல், விற்பனையாகும் ஒவ்வொரு தட்டின் கோட்டுக்குறியையும் கணினி வாசித்து எண்ணும் முறை புகுந்தது. ஒரு சில வாரங்களுள் வன்றொக், றப் இசைத்தொகுப்புகள் வெளியான உடனேயே உச்சிக்கு ஏறின. அவ்வாண்டு ஓகஸ்ற்றில் வந்த மெற்றாலிக்காவின் தொகுப்பு நேரே முதலிடத்தில் நுழைந்தது. கேட்போர் முன்னரும் இருந்தனர், எண்ணப்படாதிருந்தனர். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் 1970களின் தொடக்கத்தில் புகுந்த தரப்படுத்தலை அனுபவித்த சமூகத்துக்கு, புள்ளியின் பின்னால் ஒரு விதியும் அவ்விதியின் பின்னால் ஒரு நோக்கமும் உண்டு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விமரிசகரும் விருதுக் குழுவினரும் விற்பனை வரிசையும் தவறக் கண்டமையாலேயே, தனிக் கேட்போன் தன் தரநிரையைத் தானே எழுதத் தலைப்பட்டான். ஆயின் அவனுடைய எண்ணையும் ஆராயாது ஏற்றல் தகாது. பத்துத் தொகுப்புகளை நிரற்படுத்துவோன், பத்தையும் கேட்கும் வாய்ப்பைப் பெற்றவன். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதியின் பல இடங்களில் மின்சாரம் அற்றுப்போயிற்று. வானொலிக்குரிய மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. மக்கள் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்டனர். நெவர்மைண்ட் உலகை வலம்வந்த அதே ஆண்டுகள் அவை. ஒரு பாடலைக் கேட்க ஒருவர் சக்கரத்தைச் சுற்றவேண்டியிருந்த வீட்டில், அப்பாடலுக்கு இடப்படும் மதிப்பை, வேண்டியபோது வேண்டியதைக் கேட்கும் ஒருவரின் பத்துக்கு ஏழோடு ஒப்பிடுவதெங்ஙனம்? எண் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று.

செவியின் பயிற்சியும் இவ்வாறே கருதத்தக்கது. சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ருத்ரா என்னும் குழு, கதிர் முதலியோரைக் கொண்டு மெற்றல் இசையோடு வேதாந்தக் கருத்துகளையும் வடமொழிச் சுலோகங்களையும் இணைத்தது. 1998இல் அதன் முதற்றொகுப்பு வெளிவந்தது. மந்திர ஓதலை அறியாத மேனாட்டுச் செவியும், மெற்றலை அறியாத உள்நாட்டுச் செவியும் அதனை ஒரே அளவுகோலால் அளத்தல் இயலாது. தரமிடுவோனின் எண், தொகுப்பைப் பற்றிக் கூறுமளவுக்கு அவனைப் பற்றியும் கூறுகின்றது.

எனவே தனியொருவரின் தரநிரை வரலாற்றுச் சான்றாகும் தகுதியுடையது. ஆயின் சில நிபந்தனைகளோடு. அது எழுதப்பட்ட நாள் குறிக்கப்பட வேண்டும். கேட்டவை எவை, கேளாதவை எவை என்பது தெரியவேண்டும். ஏன் அவ்வெண் என்பதற்கு ஒரு வரியேனும் காரணம் வேண்டும். யாவற்றினும் மேலாக, ஆண்டுகள் சென்றபின் அதே கேட்போன் அதே தொகுப்புக்கு மீண்டும் தரமிட்டு, முன்னைய எண்ணை அழியாது அருகே எழுதுதல் வேண்டும். அவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடே ஒரு மனிதனின் செவி வளர்ந்த வரலாறு.

மாதோட்டத்தின் கூத்துக் களரிகளைச் சுற்றி அமர்ந்திருந்தோர் எதனை மேலென்றனர், எதனைத் தாழ்வென்றனர் என்பதை அறிய இன்று முழுமையான வழியில்லை. வானொலிக்கு அஞ்சலட்டை எழுதியோரும், டைனமோவைச் சுழற்றிக் கேட்டோரும் முதியோராகி எம்மிடையே வாழ்கின்றனர். நறுவிலிக்குளத்திலோ அயலூர்களிலோ உள்ள ஒரு முதியவரிடம், தாம் கேட்டவற்றுள் முதலிடம் எதற்கு, ஏன் என்று வினவிக் குறித்துக்கொள்ளுதல் எந்த மாணவருக்கும் இயலாத செயலன்று. பாடியோரின் வரலாற்றோடு கேட்டோரின் வரலாறும் சேருமிடத்தே இசை வரலாறு முழுமைபெறும்.