முதல் வெள்ளியை யார் போடுவது?

சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் என்றொரு கட்டடம் இருந்தது. ரயில் பாதைப் பணிக்காக இடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில்தான், 1981ஆம் ஆண்டு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த சிம் வோங் ஹூ என்ற இளைஞர் கணினி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் சிங்கப்பூர் அரசாங்கம், 1968ல் அமைத்த அறிவியல், தொழில்நுட்ப அமைச்சைக் கலைத்தது. வேடிக்கையான பொருத்தம்தான்!

அந்தக் கடைதான் கிரியேட்டிவ் டெக்னாலஜி. 1986ல் அது செய்த கியூபிக் சிடி கணினி சந்தையில் எடுபடவில்லை. சிம் அமெரிக்காவுக்குப் போனார். 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை வந்தது. 1992ல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. 2023ல் சிம் மறைந்தபோது பலரும் நினைவுகூர்ந்தது வெற்றியைத்தான். கியூபிக்கின் தோல்வியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆனால், ஆய்வு மானியம் பற்றிப் பேசுவோர் கவனிக்க வேண்டியது அந்தத் தோல்வியைத்தான். விற்குமா விற்காதா என்று யாருக்கும் தெரியாத பொருளுக்கு முதல் வெள்ளியை யார் போடுவது?

அமெரிக்கா இதற்கு 1982லேயே சட்டம் போட்டது. ஆய்வுக்குப் பெருந்தொகை செலவிடும் மத்திய அரசுத் துறைகள், அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியே தீர வேண்டும் என்றது அந்தச் சட்டம். முதலில் சிறு தொகை, யோசனை தேறினால் பெரிய தொகை. கைத்தொலைபேசித் துறையின் ஜாம்பவானான குவால்காம்கூட ஆரம்ப நாளில் அந்தப் பணத்தைப் பெற்ற நிறுவனம்தான்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1991ல் தேசிய அறிவியல் தொழில்நுட்ப வாரியம் அமைந்தது. ஐந்தாண்டுக்கு 2 பில்லியன் வெள்ளி; அடுத்த ஐந்தாண்டுக்கு 4 பில்லியன். 2002ல் வாரியம் 'ஏ ஸ்டார்' என்று பெயர் மாறியது. தொகை ஏறிக்கொண்டே போய், 2021 முதல் 2025 வரையிலான திட்டத்தில் 25 பில்லியனைத் தொட்டது. ஆய்வுக்கழகங்களும் பல்கலைக்கழகங்களும் செழித்தன. சிறு நிறுவனம் வரிசையின் பின்னால் நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனாலும் அந்தக் காலத்துப் பல்கலைக்கழக ஆய்வு தமிழருக்கு ஒரு பெரிய கொடையைத் தந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவை டாக்டர் டான் டின் வீ வழிநடத்தினார். அவருடனும் லியோங் கோக் யோங்குடனும் கைகோத்தவர், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் தமிழ் எழுத்தும் ஏறியது. இணையத்தில் தமிழ் எடுத்துவைத்த முதல் அடிகளில் அதுவும் ஒன்று. 1997 மே மாதம் இதே ஊரில் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. கோவிந்தசாமியின் 'கணியன்' அன்று ஒரு வீட்டுப் பெயர்போலப் புழங்கியது நேயர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். 1999ல் அவர் காலமானார்.

அதே குழு 1998ல் இன்னொன்றில் இறங்கியது. இணைய முகவரியை ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுத வேண்டுமா, தமிழிலும் சீனத்திலும் எழுதக்கூடாதா? அந்த ஆய்விலிருந்து 1999ல் ஐ-டிஎன்எஸ் என்ற சிறு நிறுவனம் பிரிந்து வந்தது. முதலீட்டாளர்களும் வந்தார்கள். ஆனால் உலகம் ஏற்ற தரம் 2003ல்தான், அதுவும் வேறொரு முறையில் வந்தது. தமிழ் உள்பட 11 மொழிகளில் சோதனை முகவரிகள் 2007ல் திறக்கப்பட்டன. '.சிங்கப்பூர்' என்ற தமிழ் முகவரி 2011ல் கிடைத்தது. ஆய்வு தொடங்கிப் பதின்மூன்று ஆண்டு! பல்கலைக்கழகம் பதின்மூன்று ஆண்டு காத்திருக்கும். மாதாமாதம் சம்பளம் போடும் நிறுவனம் காத்திருக்குமா?

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2008ல் 'ஸ்பிரிங் சிங்கப்பூர்' ஒரு திட்டம் கொண்டுவந்தது. யோசனை நடக்குமா என்று நிரூபிக்க 250,000 வெள்ளி வரை, அடுத்த கட்டத்துக்கு 500,000 வெள்ளி வரை. அமெரிக்கச் சட்டத்தின் சாயல் இதில் தெரிகிறது. 2011ல் ஆயர் ராஜாவில் இடிக்கப்படவிருந்த தொழிற்கூடமான புளோக் 71 இளம் நிறுவனங்களின் கூடாரமானது. 2018ல் ஸ்பிரிங் வேறோர் அமைப்புடன் இணைந்து 'எண்டர்பிரைஸ் சிங்கப்பூர்' ஆனபோது இத்தகைய மானியமும் அங்கே போனது.

எல்லாப் பணமும் சரியான கைக்குப் போகவில்லை. 2010 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த உற்பத்தித்திறன், புத்தாக்க வரிச்சலுகையில் ரொக்கமும் கிடைத்தது. மூன்று உள்ளூர் ஊழியர் இருந்தால் போதும். இல்லாத ஊழியருக்கு மத்திய சேமநிதி கட்டி, வாங்காத கருவிக்குப் பற்றுச்சீட்டு காட்டியவர்கள் பலர் நீதிமன்றம் ஏறினார்கள். 2018 வரி மதிப்பீட்டு ஆண்டோடு திட்டம் முடிந்தது.

சிராங்கூன் சாலைக் கடைக்காரருக்கு மானியம் என்றால் நினைவுக்கு வருவது கல்லாப்பெட்டி மென்பொருளுக்குப் பாதி விலையைத் திருப்பித் தரும் திட்டம்தான். நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்! ஆனால் கருவி வாங்கக் கிடைக்கும் பணம் வேறு, கருவி செய்யக் கிடைக்கும் பணம் வேறு. முதலாவதில் என்ன கிடைக்கும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம். இரண்டாவதில் அப்படி எழுத முடியாது. கியூபிக் சிடிக்கு யாராவது மானிய விண்ணப்பம் எழுதியிருந்தால், 1986ல் அதை அங்கீகரித்த அதிகாரி மறு ஆண்டே விளக்கம் சொல்ல நேர்ந்திருக்கும். அவர் மேசையில் சவுண்ட் பிளாஸ்டர் வந்து சேர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது.