தீவனம் போட்டால் மாடு மேய்வதை நிறுத்திவிடுமா? மொன்டானா பண்ணைகளில் நடப்பது என்ன?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இறைச்சி மாடுகள் பெரும்பாலும் பரந்த மேய்ச்சல் நிலங்களில்தான் வளர்கின்றன. இலையுதிர் காலத்தில் புல் காய்ந்து சத்து குறைந்துவிடும். மாடு இளைக்காமல் இருக்க பண்ணையாளர்கள் கூடுதல் தீவனம் கொடுக்கிறார்கள். தீவனத்தைத் தின்றுவிட்டு மாடு புல் பக்கமே திரும்பாவிட்டால்? சும்மா கிடைக்கும் புல் வீணாகும், காசு கொடுத்து வாங்கிய தீவனம்தான் காலியாகும்.

எந்தத் தீவனம்?

புல்லில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால், மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கே சாப்பாடு பத்தாது. புல் மெதுவாகச் செரிக்கும், மாடும் குறைவாகவே தின்னும். அப்போது கொஞ்சம் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கோ சோயா புண்ணாக்கோ கொடுத்தால் செரிமானம் வேகமெடுக்கும். மாடு முன்பைவிட அதிகப் புல் தின்னும். மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டால் கதையே வேறு. பெருவயிற்றில் அமிலம் கூடி, அதே பாக்டீரியாக்கள் முடங்கும். புல் தின்பது குறையும்.

எப்போது போடுவது?

மாடுகள் மும்முரமாக மேய்வது விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். மொன்டானாவின் ஃபோர்ட் கியோ ஆய்வு நிலையத்தில் இளங்காளைகளுக்கு மக்காச்சோளம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1985-ல் வெளியானது. காலையில் தீவனம் பெற்றவற்றைவிட மதியம் பெற்றவை அதிகப் புல் தின்றன, எடையும் கூடுதலாக ஏறின. காரணம் எளிது. காலையில் போட்டால் முக்கியமான மேய்ச்சல் நேரமே கெடுகிறது. தினமும் தீவனம் கண்ட மாடு, வண்டிச் சத்தம் கேட்டாலே மேய்வதை விட்டுவிட்டு ஓடிவரும்.

புண்ணாக்கைத் தினமும் போட வேண்டும் என்றுகூட இல்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போதும். உபரி நைட்ரஜனை மாட்டின் உடல் யூரியாவாக்கி, எச்சில் வழியாகவும் ரத்தம் வழியாகவும் பெருவயிற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் யூரியா கலந்த தீவனத்தில் இந்த வேலை வேண்டாம். ஒரேயடியாக அதிகம் தின்றால் மாடு செத்தே போகலாம்.

வைக்கும் இடமும் முக்கியம். மாடுகள் ஓடைக்கரையை மொட்டையடிக்கும், மேட்டு நிலத்தை எட்டிக்கூடப் பார்க்காது. அங்கே நக்கித் தின்னும் மொலாசஸ் கட்டிகளை வைத்தபோது மாடுகள் மேடேறின, சுற்றியுள்ள புல்லையும் மேய்ந்தன. ஆனால் கட்டியை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த இடமும் மொட்டையாகிவிடும்.