வடிவம் ஒன்று, வேலை வேறு

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். உட்சவ்வுக்குப் புகழ் அதிகம். அதன் இரு பக்கத்துக்கும் இடையிலான புரோட்டான் வேறுபாடுதான் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யின் தயாரிப்பை நடத்துகிறது என்று 1961இல் வாதிட்ட பீட்டர் மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசே கிடைத்தது. வெளிச்சவ்வை யாரும் அப்படிப் பொருட்படுத்தவில்லை. சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகள் அதைத் தங்குதடையின்றிக் கடக்கின்றன என்பது 1950களின் பிற்பகுதியிலேயே தெரிந்திருந்தது. ஆகவே அது வெறும் சல்லடை, பெரிய புரதங்களை நிறுத்தி மற்றவற்றை விட்டுவிடும், அதற்குமேல் அதில் ஆராய ஒன்றுமில்லை என்ற எண்ணம் நிலைத்தது. அந்தச் சவ்வில் துளையாக அமைந்திருக்கும் கால்வாய்ப் புரதத்தின் வரலாறு இதை ஏற்கவில்லை. துளையின் வடிவத்தையும் அளவையும் பார்த்து அதன் வேலையை முடிவுகட்டியவர்கள் மீண்டும் மீண்டும் பின்வாங்க நேர்ந்தது. அந்தத் துளை என்ன செய்யும் என்பதை அது குடியிருக்கும் செல்தான் தீர்மானிக்கிறது. இதற்கு அழுத்தமான சான்றைத் தந்தவை தாவரங்கள்.

இந்தத் துளை கண்ணில் பட்டதும் தாவரங்களில்தான். 1965இல் டொனால்ட் பார்சன்ஸ், வால்டர் பானர் முதலியோர் எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில், தாவர மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் நெருக்கமாகக் குழிகள் தென்பட்டன. ஆனால் படத்தில் தெரியும் குழி வழியா, வெறும் பள்ளமா என்று படம் சொல்லாது. அதற்கு மின்னோட்டத்தை அளக்க வேண்டியிருந்தது. நீரை இரு பக்கமாகப் பிரிக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தில் ஒரு புரதத்தைச் சேர்த்து, அதன் வழியே பாயும் அயனிகளை அளக்கும் முறை 1960களில் உருவாகியிருந்தது. ஸ்டான்லி ஷைன், மார்கோ கொலம்பினி, ஆலன் ஃபிங்கல்ஸ்டைன் மூவரும் 1976இல் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எடுத்த பொருளை அப்படலத்தில் சேர்த்தார்கள். மின்னோட்டம் படிப்படியாகத் தாவி ஏறியது. ஒவ்வொரு படியும் ஒரு கால்வாய். எதிர்மின் அயனிகளையே அது கூடுதலாக விட்டது. மின்னழுத்தத்தை உயர்த்தியபோது தானே அடைபட்டது. வி.டி.ஏ.சி. என்ற இன்றைய பெயர், 'மின்னழுத்தம் சார்ந்த எதிர்மின் அயனிக் கால்வாய்' என்று இந்தக் குணங்களையே சொல்கிறது. 1979இல் கொலம்பினி எலியின் கல்லீரலிலும் இதைக் கண்டு, வெளிச்சவ்வின் வழி இதுவாக இருக்கலாம் என்றார். அடுத்த ஆண்டே பாசிப்பயற்று முளையின் மைட்டோகாண்ட்ரியாவிலும் இத்தகைய துளைப்புரதம் இருப்பது காட்டப்பட்டது.

அடைபடும் துளையைச் சல்லடை என்று சொல்ல முடியாது. 10 மில்லிவோல்ட் அளவில் திறந்தே இருக்கும் இந்தக் கால்வாய், 30, 40 மில்லிவோல்ட்டை எட்டும்போது பெரும்பாலும் குறுகிய நிலைக்குப் போய்விடுகிறது. அந்நிலையிலும் அது முழுதாக மூடுவதில்லை. அதன் தேர்வுதான் மாறுகிறது. எதிர்மின் அயனிகளை விரும்பிய துளை இப்போது நேர்மின் அயனிகளை விரும்பத் தொடங்குகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட ஏ.டி.பி., திறந்த நிலையில் தாராளமாகக் கடக்கிறது, குறுகிய நிலையில் ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆய்வாளர் ரொஸ்தோவ்ட்சேவாவும் கொலம்பினியும் 1990களின் நடுப்பகுதியில் இதை அளந்து காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் ஏ.டி.பி. செல்லின் மற்றப் பகுதிகளுக்குப் போக இதுவே முக்கிய வழி என்பதால், இந்த மாற்றம் செல்லின் ஆற்றல் ஓட்டத்தையே தொடுகிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இத்தனை ஓட்டைகள் உள்ள சவ்வில் மின்னழுத்தம் எப்படித் தேங்கும்? தேங்காதென்றால் இந்த அடைப்பு செயற்கைப் படலத்தில் மட்டுமே நிகழும் விந்தையல்லவா? சவ்வைக் கடக்க முடியாத பெரிய புரதங்களின் மின்னூட்டம் ஓரளவு அழுத்தத்தை உண்டாக்கும் என்று ஒரு பதில் உண்டு. ஆனால் அதைவிட வலுவான பதில் 2008இல் வந்தது. செல்லின் சட்டகத்தை ஆக்கும் டியூபுலின் என்ற புரதம், மிகக் குறைந்த மின்னழுத்தத்திலேயே இந்தக் கால்வாயைத் திரும்பத் திரும்ப அடைத்துத் திறக்கிறது என்று தெரிந்தது. அதாவது அடைக்கும் வேலையை மின்னழுத்தம் தனியாகச் செய்யத் தேவையில்லை, செல்லின் மற்றப் புரதங்களும் கைகொடுக்கின்றன. மறுப்பு துளையைத் தனியே எடுத்துவைத்துப் பார்த்தது. செல்லுக்குள் அது ஒருபோதும் தனியாக இல்லை.

அதே 2008இல் மூன்று குழுக்கள் இப்புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டன. அது 19 பீட்டா இழைகளால் ஆன பீப்பாய், உள்ளே ஒரு சுருள். பாக்டீரியாவின் துளைப்புரதங்களில் இழைகள் இரட்டைப்படையாக இருக்க, இங்கே ஒற்றைப்படை. பல ஆண்டுகளாக ஈஸ்டில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, துளையின் தேர்வு எங்கே மாறுகிறது என்று பார்த்துவந்த கொலம்பினி, 13 இழைகளும் ஒரு சுருளுமே சுவராகின்றன என்ற முடிவில் இருந்தார். அந்த வடிவங்களுக்காகப் பாக்டீரியாவில் செய்து மீண்டும் மடித்தெடுத்த புரதம் இயல்பான வடிவில் இருக்கிறதா என்று 2009இல் எழுத்திலேயே கேட்டார். பிறகு வரிக்குதிரைமீனின் புரதத்திலும் 19 இழைகளே காணப்பட்டதால், பெரும்பாலோர் அந்த எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டனர். ஆனாலும் அவர் கேள்விக்குப் பின்னிருந்த சிக்கல் தீரவில்லை. அந்த வடிவங்கள் திறந்த நிலையைக் காட்டுகின்றன. துளை எப்படிக் குறுகுகிறது என்பதை அவற்றிலிருந்து நேரே படித்தறிய முடியாது.

தாவரத்துக்கும் விலங்குக்கும் இடையே இப்புரதத்தின் அமினோ அமில வரிசை பெரிதும் வேறுபடுகிறது, மின் நடத்தையோ வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது. அப்படியானால் வேலையும் ஒன்றுதானே? இல்லை. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் 22 கடத்து ஆர்.என்.ஏ.க்களுக்கான மரபணுக்கள் உள்ளன, அதன் புரதத் தயாரிப்புக்கு அவை போதும். தாவர மைட்டோகாண்ட்ரியாவில் இந்தத் தொகுதி முழுமை பெற்றதாக இல்லை. குறைபவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்தாக வேண்டும். ஸ்ட்ராஸ்பர்க் ஆய்வாளர்கள் 2006இல் உருளைக்கிழங்கு மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டு, இந்த இறக்குமதியில் வி.டி.ஏ.சி. முக்கியப் பங்கு வகிக்கிறது என்று காட்டினார்கள். இப்புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சேர்த்ததும் இறக்குமதி தடைபட்டது. விலங்குச் செல்லிலோ ஹெக்சோகைனேஸ் என்ற நொதி இதே புரதத்தின்மேல் வந்து அமர்ந்து, குளுக்கோஸைப் பயன்படுத்தும் முதல் படியை ஏ.டி.பி. வெளிவரும் வாயிலிலேயே நடத்துகிறது. பல புற்றுநோய்ச் செல்களில் இந்தப் பிணைப்பு மிகுந்திருக்கிறது.

கடத்து ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 25,000 டால்டன் நிறை கொண்டது, துளையோ 5,000 டால்டனுக்குமேல் விடுவதில்லை என்பது தாவரத்தின் அந்த ஆர்.என்.ஏ. இறக்குமதிக்குச் சொல்லப்படும் தடை. அந்த 5,000 தானாகப் பரவிச்செல்லும் செயலற்ற மூலக்கூறுகளுக்கு அளந்த வரம்பு. ஆர்.என்.ஏ. தானாகப் பரவி நுழைவதில்லை. அதை மேற்பரப்பில் முதலில் பிடித்துக்கொள்வதற்குப் புரத இறக்குமதிக்கான வேறு புரதங்கள் உதவுகின்றன, ஏ.டி.பி.யும் செலவாகிறது. சல்லடையின் கணக்கை இங்கே வைத்து 'முடியாது' என்பது, பழைய தவறையே புது எண்ணோடு திரும்பச் செய்வதாகும்.

விலங்கு ஆய்விலும் அதே தவறு நிகழ்ந்தது. செல் சாகும் தறுவாயில் உட்சவ்வு திடீரென ஊடுருவ எளிதாகிவிடுவதற்குக் காரணமான பெருந்துளையில் வி.டி.ஏ.சி. ஓர் உறுப்பு என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இடம் பொருந்தியது, அளவும் பொருந்தியது. 2007இல், வி.டி.ஏ.சி. வகைகள் நீக்கப்பட்ட எலிச் செல்களிலும் அந்த மாற்றம் வழக்கம்போல் நிகழ்வதைக் கண்டதும் அந்தக் கருத்து சரிந்தது. இன்று ஒரு புரதத்தின் வடிவத்தைக் கணினியே விரைவாக ஊகித்துவிடுகிறது. அந்த வசதி பெருகப் பெருக, வடிவத்திலிருந்து வேலைக்குத் தாவும் ஆசையும் பெருகும். வி.டி.ஏ.சி.யின் அரை நூற்றாண்டு அந்தத் தாவலுக்கு எதிரான சாட்சியம். அதே பீப்பாயை உருளைக்கிழங்கிலும் எலியிலும் ஈஸ்டிலும் தனித்தனியே விசாரித்த பிறகே அதன் வேலையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை வருகிறது.