வினாவும் விடையும்: திறந்த மூல மென்பொருளிற் பயனர் கருத்தாய்வு – ஒரு வரலாற்று நோக்கு

வினவுதல் அறிவுக்கு வாயில் என்பதைத் தமிழ் இலக்கண நூலார் நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் செப்பினையும் வினாவினையும் கிளவியாக்கத்தின் முற்பகுதியிலேயே எடுத்து ஆராய்கின்றார். நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துக் காட்டுவர். ஆசிரியன் தான் பொருளறிந்திருந்தும் மாணவனிடம் கேட்பது அறிவினா. மாணவன் அறியாமையால் ஆசிரியனிடம் கேட்பது அறியாவினா. விடை வகைகளுள், தனக்கு நேர்ந்ததைக் கூறி விடையிறுப்பது உற்றதுரைத்தல். இனி நேரவிருப்பதைக் கூறி விடையிறுப்பது உறுவது கூறல். இப்பாகுபாடுகளைத் தேர்வுக்காக மனனஞ் செய்து பின்னர் மறந்துவிடுவோர் பலர். எனினும், மென்பொருளைப் பயன்படுத்துவோரின் கருத்தை அறிய இன்று வினாக்கொத்துத் தயாரிப்போர் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளுட் பல இப்பாகுபாடுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

திறந்த மூல மென்பொருள் என்பது, தன் மூலநிரலை எவரும் பெற்றுப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிக்கும் மென்பொருளாகும். உரிமை எல்லோர்க்கும் உண்டு. ஆயின், நிரல் எழுத வல்லவரே அவ்வுரிமையை முழுமையாகக் கையாள முடியும். ஏனையோர்க்குப் பெரிதும் எஞ்சியிருப்பது, தமக்கு எது எளிது, எது கடினம் என எடுத்துரைக்கும் வாய்ப்பேயாகும். அவ்வாய்ப்பினை அளிக்கும் கருவிகளுள் ஒன்று பயனர் கருத்தாய்வு. ஆகவே அதன் வினாக்கொத்து எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது தொழினுட்பம் பற்றிய வினா மட்டுமன்று. ஒரு பொதுச் சொத்தின்மீது பொதுமக்களுக்குள்ள சொல்லுரிமை பற்றிய வினாவுமாகும். இக்கருவி வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அவ்வரலாறு புகட்டும் பாடம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனப்பாங்கினை எண்ணால் அளக்கும் முயற்சியில் 1932ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அமெரிக்க உளவியலாளர் றென்சிஸ் லைக்கேட் அவ்வாண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு கூற்றினை முன்வைத்து, அதனை முழுமையாக ஏற்பது முதல் முழுமையாக மறுப்பது வரையுள்ள ஐந்து படிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு கேட்கும் முறையை விளக்கினார். ஆம், இல்லை என்னும் இரு முனைகளுக்கிடையே மனித மனம் நிற்கும் பல நிலைகளைப் பதிவு செய்ய இம்முறை வழிவகுத்தது. இன்று வழங்கும் பெரும்பாலான பயனர் வினாக்கொத்துகள் இவ்வைந்து படி அளவுகோலின் வழித்தோன்றல்களே எனலாம்.

அளவுகோல் செம்மையாயிருப்பினும் அளக்கப்படுவோர் பிழையாகத் தெரியப்படின் முடிவு பிழையாகும் என்பதை அடுத்த சில ஆண்டுகளிலேயே உலகம் கண்டது. 1936ஆம் ஆண்டின் அமெரிக்க சனாதிபதித் தேர்தலை முன்னிட்டு, 'லிற்றறறி டைஜஸ்ற்' என்னும் சஞ்சிகை தொலைபேசி விவரக்கொத்து, மோட்டார் வாகனப் பதிவேடு முதலியவற்றிலிருந்து பெயர்களைத் திரட்டி ஏறத்தாழ ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டு, லண்டன் என்பவர் றூஸ்வெல்ற்றை வெல்வார் என அச்சஞ்சிகை அறிவித்தது. தேர்தலில் லண்டன் வென்ற மாநிலங்கள் இரண்டே. தொலைபேசியும் வாகனமும் உடைய வசதி படைத்தோரையே சஞ்சிகை நாடியது என்பது பலருமறிந்த காரணம். ஆயின் 1988ஆம் ஆண்டில் பெவரில் ஸ்குவயர் வெளியிட்ட ஆய்வு இன்னொரு காரணத்தையும் எடுத்துக்காட்டியது. சீட்டுக் கிடைத்தும் அதனைத் திருப்பி அனுப்பாதோரின் சார்பு, அனுப்பியோரின் சார்பினின்று வேறுபட்டிருந்தது. விடையளியாதோரின் மௌனமும் முடிவைத் திரித்தது என்பதே இதன் பொருள். இவ்வுண்மை பின்னர் நாம் நோக்கவிருக்கும் மென்பொருள் ஆய்வுக்கும் மிக முக்கியமானதாகும்.

கணினித் துறையில் வினாக்கொத்து வேரூன்றியது 1980களிலாகும். 1986ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் றெடிங் நகரில் டிஜிற்றல் எக்குவிப்மன்ற் நிறுவனத்திற் பணியாற்றிய யோன் புறூக் என்பவர், ஒரு முறைமை பயன்படுத்துவதற்கு எளிதா என்பதை விரைவில் மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோலை அமைத்தார். முதலில் 50 கூற்றுகள் திரட்டப்பட்டன. மிக எளிதெனக் கருதப்பட்ட ஒரு மென்பொருளையும், வல்லுநரும் திணறும் இன்னொரு மென்பொருளையும், செயலாளர் முதல் நிரலாளர் வரையான 20 பேர் அக்கூற்றுகளைக் கொண்டு மதிப்பிட்டனர். அவ்விரண்டையும் தெளிவாக வேறுபடுத்திக் காட்டிய 10 கூற்றுகள் மாத்திரமே இறுதியில் எஞ்சின. அவற்றுள் ஒன்று மென்பொருளைப் பாராட்டுவதாயின், அடுத்தது குறை கூறுவதாக அமைந்தது. எதற்கும் 'ஆம்' எனத் தலையசைக்கும் இயல்புடையோர் முடிவைத் திரிக்காதிருக்கவும், ஒவ்வொரு கூற்றையும் படித்தே விடையளிக்கவும் இவ்வொழுங்கு உதவுமெனக் கருதப்பட்டது. விடைகளின் புள்ளிகளைக் கூட்டி 2.5ஆற் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். 1996ஆம் ஆண்டில் நூலொன்றில் வெளியான பின்னர் இவ்வளவுகோல் உலகெங்கும் பரவியது. கட்டணமின்றி எவரும் பயன்படுத்தக் கூடியதாயிருந்தமையும், பத்தே கூற்றுகளைக் கொண்டிருந்தமையும், செல்வளமற்ற தொண்டர் குழுக்களுக்கு இதனை ஏற்றதாக்கின.

ஆயினும் இதற்கு இரு வரம்புகள் உள. முதலாவது, கிடைக்கும் எண் நூற்றுவீதமன்று. ஒரு மென்பொருள் 70 பெற்றதெனின், நூற்றுக்கு எழுபது பேருக்கு அது எளிது என்பது பொருளாகாது. மேலும், குறை உண்டென்பதை அவ்வெண் உணர்த்துமேயன்றி, குறை எங்குள்ளது எனச் சுட்டாது. இரண்டாவது, மொழி பற்றியது. மூல வடிவத்தின் எட்டாம் கூற்றில் வரும் ஓர் ஆங்கிலச் சொல்லை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் விளங்கிக்கொள்ள இடர்ப்படுகின்றனர் என 2006ஆம் ஆண்டில் கிறெய்க் ஃபின்ஸ்ராட் எடுத்துக்காட்டினார். வினா விளங்காதவிடத்து விடை மென்பொருளை அளப்பதில்லை. விடையளிப்போரின் மொழிப் பயிற்சியையே அளக்கின்றது. மும்மொழிகள் வழங்கும் எம் நாட்டில் இத்தகைய ஆய்வு நடாத்த முனைவோர், வினாக்களை மொழிபெயர்த்ததும் பணி முடிந்ததெனக் கொள்ளாது, ஒவ்வொரு மொழியிலும் சிலரிடம் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தல் இன்றியமையாததாகும்.

இனித் திறந்த மூல மென்பொருளின் வரலாற்றுக்கு வருவோம். றிச்சேட் ஸ்ரோல்மன் 1983ஆம் ஆண்டில் 'குனூ' திட்டத்தை அறிவித்ததுடன் கட்டற்ற மென்பொருள் இயக்கம் தொடங்கியது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஃபின்லாந்து மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ், பின்னர் 'லினக்ஸ்' எனப் பெயர்பெற்ற தமது முயற்சியை முதன்முதலாகப் பிறருக்கு அறிவித்தார். அவ்வறிவிப்பே ஒரு வினாவாக அமைந்தது சிந்தனைக்குரியது. 'மினிக்ஸ்' என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரிடம், அதில் அவர்கள் விரும்புவன எவை, விரும்பாதன எவை என அவர் கேட்டார். தமது கடிதத்தை ஒரு சிறு கருத்துக்கணிப்பு என்றே குறிப்பிட்டார். அது உண்மையான அறியாவினாவேயாகும். ஆயின் எவரிடம் கேட்கப்பட்டது? இயங்குதளத்தின் உள்ளமைப்பைக் கற்றவரிடம். கேட்டவரை ஒத்த ஆற்றலுடையாரிடம். அக்காலத்தில் அதுவே பொருத்தமாயுமிருந்தது; ஏனெனில், ஏனையோர் அம்மென்பொருளை அறிந்திருக்கவில்லை.

காலம் மாறியது. 1997ஆம் ஆண்டில் எரிக் றேமண்ட் தமது புகழ்பெற்ற கட்டுரையில், நல்ல மென்பொருள் அதனை ஆக்குவோரின் சொந்தத் தேவையிலிருந்தே பிறக்கின்றது என்னும் கருத்தை முன்வைத்தார். 'திறந்த மூலம்' என்னும் பெயர் 1998ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. ஆக்குவோனும் பயன்படுத்துவோனும் ஒருவனாயிருக்கும்வரை இக்கருத்தில் இடரில்லை. ஆயின் எழுதுவினைஞர், ஆசிரியர், நூலகர் ஆகியோரின் மேசைக்கு அம்மென்பொருள் வந்தபோது, ஆக்குவோனின் தேவை வேறாகவும் பயன்படுத்துவோனின் தேவை வேறாகவும் பிரிந்தன. அவ்விடைவெளியை அளக்கும் தேவை எழுந்தது.

அம்முயற்சிகளுள் முன்னோடியாக அமைந்தது 2001ஆம் ஆண்டில் சன் மைக்குறோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தார் 'குனோம்' மேசைச் சூழலைக் குறித்து நடாத்திய ஆய்வாகும். ஒரு சிறு தொகையினரான பயனரை அழைத்து, சில பணிகளைச் செய்யவைத்து, அவர்கள் தடுமாறிய இடங்களைக் குறித்து, அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டனர். 2002ஆம் ஆண்டில் குனோம் திட்டம் தன் இடைமுக வழிகாட்டி நெறிகளின் முதற் பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் மாஸ்ற்றிக்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர், திறந்த மூல நிரலாளரைப் பற்றிய பெரும் கருத்தாய்வொன்றை நடாத்தினர். 2,784 பேர் விடையளித்தனர். அவருட் பெண்கள் நூற்றுக்கு 1.1 மட்டுமே. இவ்வாய்வு ஆக்குவோரைப் பற்றியதேயன்றிப் பயனரைப் பற்றியதன்று. எனினும், தானாக முன்வந்து விடையளிக்கும் சமூகம் எத்துணைக் குறுகியதாயிருத்தல் கூடும் என்பதற்கு இது சான்றாகும். 2003ஆம் ஆண்டில் டேவிட் நிக்கல்ஸ், மைக்கல் ருவிடேல் ஆகியோர் திறந்த மூல மென்பொருளின் பயன்படுதிறன் பற்றி எழுதிய கட்டுரை இவ்விடயத்தை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. 2004ஆம் ஆண்டில் எரிக் றேமண்டே ஓர் அச்சுப்பொறியை இணைக்க முயன்று திணறிய அனுபவத்தை எழுதி, சாதாரணப் பயனரின் நிலையை ஆக்குவோர் எண்ணிப் பார்ப்பதில்லை எனக் கடிந்துகொண்டார். ஆக்குவோரின் தேவையிலேயே மென்பொருள் பிறக்கின்றது என உரைத்தவரே, வேறொருவர் ஆக்கியதன் முன் வெறும் பயனராய் நின்றபோது இவ்விடைவெளியை உணர்ந்தார்.

மேற்கூறிய வரலாற்றிலிருந்து வினாக்கொத்து அமைப்போர் பெறத்தக்க பாடங்கள் எவை? முதலாவது, மாதிரி பற்றியது. ஒரு மென்பொருளின் திட்டத் தளத்திலே வினாக்கொத்தை வைத்து விடைகளுக்குக் காத்திருப்பது, 1936ஆம் ஆண்டின் சஞ்சிகை செய்த தவற்றை மீண்டுஞ் செய்வதாகும். அங்கு வருவோர் ஏற்கெனவே பழகியோர், பற்றுடையோர். முதல் நாளிலேயே இடர்ப்பட்டு விலகிச் சென்றவர் அங்கு வருவதில்லை. எனவே, பழகியோர், புதிதாகத் தொடங்கியோர், கைவிட்டுச் சென்றோர் என முத்திறத்தாரையும் தனித்தனியே நாடுதல் வேண்டும். மூன்றாமவரைக் கண்டறிதல் கடினமே; ஆயின் பாடசாலை, நூலகம், அலுவலகம் ஆகிய இடங்களுக்கு நேரிற் சென்றால் அவரைச் சந்திக்கலாம். எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது, எத்தனை பேர் விடையளிக்கவில்லை என்பவற்றையும் அறிக்கையில் மறைக்காது கூறுதல் வேண்டும்.

இரண்டாவது, வினாவின் இயல்பு பற்றியது. 'எமது புதிய பட்டியல் அமைப்பு உங்களுக்கு எளிதாக உள்ளதல்லவா?' என்பது விடையைத் தன்னுள் அடக்கிய அறிவினா. அது கேட்போரின் பெருமிதத்தையே உறுதிப்படுத்தும். 'இவ்வசதி சேர்க்கப்படின் பயன்படுத்துவீரா?' என்பது உறுவது கூறலை வேண்டுகின்றது. மனிதர் தம் எதிர்காலச் செயலை முன்கூட்டி அறிவதில் வல்லவரல்லர். 'கடந்த வாரத்தில் ஓர் ஆவணத்தை அச்சிட முயன்றீரா? எங்கு தடைப்பட்டீர்? அப்போது யாது செய்தீர்?' எனக் கேட்பது உற்றதுரைத்தலுக்கு இடமளிக்கின்றது. இவ்வாறான விடையிலிருந்தே திருத்தத்தக்க குறை வெளிப்படும். நினைவும் பிழைக்கக் கூடுமாதலின், சிலரையேனும் அருகிருந்து நோக்கி அவ்விடைகளைச் சரிபார்த்தல் நன்று. சர்வதேச நியம நிறுவனம் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட நியமம், செயலை நிறைவேற்றல், அதற்காகும் உழைப்பு, மனநிறைவு ஆகிய மூன்றையும் பயன்படுதிறனின் கூறுகளாகக் கொண்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. வினாக்கொத்து மூன்றாவதனையே செவ்வையாக அளக்கவல்லது.

இவையெல்லாம் நுணுக்க வாதங்கள் எனச் சிலர் கருதலாம். எம் நாட்டு அனுபவம் ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எமது கரைகளை அழித்தபின், இலங்கை நிரலாளர் தொண்டாற்றி 'சகன' என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதிவு செய்ய அது பயன்பட்டது. பின்னர் பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டு, 2006ஆம் ஆண்டிற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதினையும் பெற்றது. இத்தகைய மென்பொருளின் பயனர் யார்? உறக்கமின்றிப் பெயர்களைப் பதியும் முகாம் எழுதுவினைஞர். வினாக்கொத்தை நிரப்ப அவருக்கு ஓய்வில்லை. நிரலாளரின் மொழியும் அவருக்குப் பழக்கமில்லை. ஆயின் அவர் ஒரு கட்டத்திற் பெயரைத் தவறாகப் பதிந்தால், தன் பிள்ளையைத் தேடும் தாய்க்கு அப்பெயர் கிடையாது போகலாம். அவரது மௌனத்தை மனநிறைவெனக் கொள்ளும் ஆய்வு எத்துணைப் பெரும் பிழையைச் செய்கின்றது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே, பயனர் கருத்தாய்வின் வரலாறு அளவுகோல்களின் வரலாறு மட்டுமன்று. எவரிடம் கேட்கத் தவறினோம் என்பதைச் சிறிது சிறிதாக உணர்ந்த வரலாறுமாகும். திறந்த மூலம் என்னும் பெயரில் கதவு திறந்தே உள்ளது. திறந்த கதவின் வழியே உள்வந்தோரை மட்டும் வினவி நிறைவடையாது, வாயில்வரை வந்து திரும்பிச் சென்றோரையும் தேடிச்சென்று, விடையறியாதவராய் நின்று வினவும்போதே அப்பெயர் முழுமையாகப் பொருந்தும். எமது பல்கலைக்கழக மாணவர் இத்துறையில் ஈடுபடுவராயின், நிரல் எழுதும் ஆற்றலோடு வினவும் பணிவினையும் பயிலுதல் வேண்டும்.